கையை எடுங்கப்பா

மேசைக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“ஒரு ஆணி கூடக் கிடையாது. எல்லாம் பசை. பசைக்கா இவ்வளவு விலை?”

முகம் தெரியவில்லை. பழுப்புக் கால்சட்டையும் ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பின் அடியும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கடை திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று மாடியிலும் தலைகள். தரையில் மஞ்சள் அம்புகளை ஒட்டி, இந்த வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று பாதை போட்டிருந்தார்கள். கட்டில், மெத்தை, அலமாரி, விளக்கு என்று ஒன்றுவிடாமல் பார்த்துத் தீர்த்த பிறகுதான் வாசலுக்கு வந்து சேர முடியும். புத்திசாலி எவனோ போட்ட வழி. அம்பைப் பிடித்துக்கொண்டு வந்த கூட்டம் அப்பாவின் கால்களைக் கண்டதும் ஒதுங்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு குழந்தை மட்டும் நின்று, குனிந்து, “தாத்தா, என்ன தேடுறீங்க?” என்றது.

“விலையை” என்றார் அப்பா.

அவருக்கு இன்னும் அரை மணி நேரம் மிச்சமிருந்தது. அது அவருக்கும் தெரியாது, பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மகளுக்கும் தெரியாது.

“அப்பா, வெளிய வாங்க. இது ஒரே விலைக் கடை. கார்லயே சொன்னேன்ல?”

“எழுதி வச்சிருக்கான். எழுதறதுக்கு என்ன, காசா பணமா? நானும்தான் எங்கடையில எழுதி வச்சிருந்தேன்.”

வைத்திருந்தார்தான். நாற்பது வருடம் பாத்திரக்கடை நடத்தியவர், ‘பேரம் பேசாதீர்கள்’ என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து நாள் முழுக்கப் பேரம் பேசினார். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் பாதிவிலை. எந்தக் கடைக்குப் போய் எதை வாங்கினாலும், சொன்ன விலையில் பாதியில்தான் அவர் பேச்சு தொடங்கும். மகள் பிறந்தபோது பிரசவக் கட்டணத்தையும் பாதியில் ஆரம்பித்தவர் என்பது அம்மா சொல்லிச் சொல்லி மாளாத கதை. “ஒண்ணுதானே பொறந்திருக்கு, ரெட்டையா என்ன?” என்றாராம்.

அன்று காலை காரில் ஏறும்போதே மகள் இரண்டு கட்டளை போட்டிருந்தாள். புது வீட்டுக்குச் சாமான் வாங்கப் போகிறோம், பேரம் கூடாது. அதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம். நெஞ்சைப் பிடிக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது.

“சரிங்க டீச்சரம்மா” என்று அப்பா பின் இருக்கையிலிருந்து சொன்னார். அவர் ஒன்றை உடனே ஒப்புக்கொண்டார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

நெஞ்சைப் பிடிக்கிற வேலை அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது தொடங்கியது. ஃப்ரிட்ஜ் வாங்கப் போன கடையில் விலை ஒரு இடத்தில் வந்து சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது. காலையில் சாப்பிடாமல் வந்திருந்த அப்பாவுக்குத் தலை சுற்றியது. நெஞ்சில் கை வைத்து, கிடைத்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் வெலவெலத்துப் போனார். கடைக்குள் உயிர் போனால் அப்புறம் எவன் அங்கே ஃப்ரிட்ஜ் வாங்குவான்? சோடா வந்தது. சோடாவுக்குப் பின்னாலேயே விலையும் இறங்கி வந்தது. “நீங்களே ஒரு விலை போட்டுக் கொடுங்க சார், வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க” என்று வழியனுப்பி வைத்தார்கள்.

முதல் தடவை உண்மை. இரண்டாவது தடவையிலிருந்து தொழில்.

ஆளுக்கொரு வேஷம் இருந்தது. அப்பா வலது கையை மெதுவாக ஏற்றி நெஞ்சில் வைப்பார், கண்ணைப் பாதி மூடுவார். அம்மா கையில் அகப்பட்ட அட்டையால் விசிறிக்கொண்டே, “காலையிலயே சொன்னேன், கேட்டாரா?” என்பாள். மகளுடைய வேலை அழுவது. அதில் அவள் கெட்டிக்காரி. இடது கண்ணில் முதலில் வரும், விலை இறங்காவிட்டால்தான் வலது கண். தையல் இயந்திரம், சைக்கிள், சோபா எல்லாம் அவள் கண்ணீரில் மலிவாக வந்தவை. பதின்மூன்று வயதில், கூடப் படிக்கிறவளின் அப்பா கடை என்று தெரியாமல் அழுதுவிட்டு, மறுநாள் வகுப்பில் மானம் போய், அதோடு வேஷத்தைக் கலைத்துவிட்டாள். மற்ற இருவரும் விடவில்லை. கல்யாணமான புதிதில் அந்தக் காட்சியை முதன்முறையாகப் பார்த்த அவள் கணவன் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டான். வந்த வண்டியைத் திருப்பி அனுப்ப அன்று பட்ட பாடு.

இப்போது அந்தக் கணவன் இரண்டு மாதிரி அறை தள்ளி, அளவு நாடாவை விரித்து ஒரு அலமாரியின் முதுகை அளந்துகொண்டிருந்தான். அவன் அளக்காமல் எதையும் நம்பமாட்டான். அம்மா மேல் மாடியில் திரைத்துணிப் பக்கம் போயிருந்தாள்.

அப்பா ஒருவழியாக மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். விளிம்பைப் பிடித்து எழுந்தார். நின்றபின்னும் பிடியை விடவில்லை. நெற்றியும் மூக்கின் மேலும் வேர்த்திருந்தன. பல் கிட்டுகிற அளவுக்குக் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்த இடம் அது. எழுபது வயதில் மேசைக்கு அடியில் தவழ்ந்தால் யாருக்கும்தான் வேர்க்கும் என்று அவள் நினைத்தாள்.

விற்பனையாளர் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். ஐம்பதை நெருங்கியவர், கடை கொடுத்த மஞ்சள் பனியனுக்குள் வயிறு அடங்க மாட்டேன் என்றது.

“நீங்க சொந்தமாக் கடை வச்சிருந்தவர்தானே?” என்றார் அப்பா.

அவர் திடுக்கிட்டார். “எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“விலையச் சொல்லும்போது என் கண்ணப் பாக்கறீங்க. சம்பளத்துக்கு நிக்கிறவன் சீட்டத்தான் பாப்பான்.”

“சின்னதா ஒரு நாற்காலிக் கடை சார். இவங்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் மூடிட்டேன்.”

“மூடிட்டு இவங்ககிட்டயேவா வந்தீங்க?”

“எனக்குத் தெரிஞ்சது நாற்காலிதானே சார். வேற எங்க போய் உக்கார்றது?”

அப்பா சிரித்தார். முகம் பளிச்சென்று ஆயிற்று. தன் ஜாதி ஆள் ஒருத்தன் அகப்பட்டால் வரும் சிரிப்பு. “அப்ப நாம பேசிக்கலாம். இந்த மேசை, ஆறு நாற்காலி. பாதில ஆரம்பிக்கிறேன், கோவிச்சுக்கக் கூடாது.”

“ஐயோ சார், என் கையில என்ன இருக்கு? கம்ப்யூட்டர் சொல்றதுதான் விலை.”

“அப்ப என்னைய கம்ப்யூட்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் பேசிக்கிறேன்.”

சுற்றிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேர், கிழவர் ஜெயித்தால் தங்களுக்கும் குறையும் என்ற ஆசையில், நகராமல் நின்றுகொண்டார்கள். மகளுக்குக் காது மடல் சுட்டது. “போதும்பா” என்று அவள் சொல்வதற்குள், பின்னாலிருந்து ஒரு குரல்.

“மிஸ்! நீங்களா?”

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய். பள்ளிக்கூடத்துக்கு வருகிற கூட்டத்தில் முதல் ஆளாக வந்து, கணக்குப் பாடத்தில் கழித்த அரை மதிப்பெண்ணுக்கு அரை மணி நேரம் நியாயம் கேட்கிறவள். மகள் சட்டென்று வகுப்பறை முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“சாமான் வாங்க வந்தீங்களா மிஸ்? கூட யாரு, அப்பாவா?”

“ஆமா, அப்பா.”

“கொஞ்சம் உக்காந்துக்கறேன்” என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல்.

மேசைக்கு எதிரே ஒரு வரவேற்பறையை ஜோடித்து வைத்திருந்தார்கள். மூன்று சுவர்தான், நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பொய் ஜன்னலுக்குப் பின்னால் விளக்கைப் போட்டு வெயில் அடிக்க வைத்திருந்தார்கள். தொலைக்காட்சி அட்டையில் செய்தது. நாற்காலி மட்டும் நிஜம்; கருநீலத்தில், அகலமான கைப்பிடிகளோடு. அப்பா அதுவரை நடந்துபோய் அதில் உட்கார்ந்தார். அவருடைய வலது கை மெதுவாக ஏறி நெஞ்சின் மேல் படிந்தது. கண்கள் பாதி மூடின.

அதே கை. அதே இடம். ஏறிய வேகம்கூட அதேதான்.

“ஒரு நிமிஷம்” என்று மாணவியின் தாயிடம் சொல்லிவிட்டு அவள் போனாள். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு மகள் அப்பாவிடம் அன்பாக விசாரிப்பதுபோல் இருக்க வேண்டும் என்று, சிரித்த முகமாகவே குனிந்தாள்.

“கையை எடுங்கப்பா.”

“இல்லம்மா…”

“கார்ல என்ன சொன்னேன்? ஸ்கூல் பொண்ணோட அம்மா நிக்கிறாங்க. மானத்த வாங்காதீங்க. கையை எடுங்க. நேரா உக்காருங்க.”

அப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். என்னவோ சொல்ல உதடு பிரிந்தது. நெஞ்சிலிருந்து கையை எடுத்து நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தார். இன்னொரு கையை மறு கைப்பிடி மேல் வைத்தார். போட்டோவுக்கு உட்காருகிறவர்போல முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“சரியா, டீச்சரம்மா?”

அவள் பதில் சொல்லாமல் திரும்பி வந்தாள். விற்பனையாளர் வழியில் நின்றார்.

“மேடம், சாருக்குத் தண்ணி ஏதும்…”

“வேண்டாங்க. ஒண்ணுமில்ல அவருக்கு. விலை குறையலைன்னா அப்படி ஒரு பழக்கம்.”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வியாபாரி இல்லையா. “எங்கடைக்கும் ஒரு அம்மா வருவாங்க மேடம், மயக்கம் போட்டு விழுவாங்க. அவங்க தலை தெரிஞ்சாலே நான் ஒரு தலகாணிய எடுத்துக் கீழ போட்டுருவேன்” என்று சொல்லிக் குலுங்கிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பிறகு கணக்குப் பாடம். வடிவியலில் அவள் பெண் ஏன் தடுமாறுகிறாள், தேற்றத்தை மனப்பாடம் செய்தால் போதாதா, டியூஷன் வைக்கலாமா. கூட்டம் இருபுறமும் உரசிக்கொண்டு போயிற்று. ஒலிபெருக்கியில் யாரோ காணாமற்போன ஒரு குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகள் பேச்சுக்கு நடுவே இரண்டு முறை அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். கைகள் வைத்த இடத்தில் இருந்தன. முதுகு நேராக இருந்தது. வாழ்க்கையில் ஒரு நாளாவது சொன்ன பேச்சைக் கேட்டாரே என்று இருந்தது.

கணவன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்து, அலமாரி கதவு வழியாக நுழையாது என்று அறிவித்தான். மாணவியின் தாய் அவனையும் விடவில்லை. வீடு எந்தப் பக்கம், எத்தனை அறை. அதற்குள் வரவேற்பறையில் ஒரு குடும்பம் வந்து நின்றிருந்தது. அவர்களுக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

“சார், கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? நாங்களும் பாக்கணும்.”

பதில் இல்லை.

“பெரியவர் சுகமாத் தூங்கறார்” என்றார் ஒருவர்.

“அப்ப கண்ண மூடிட்டு வாங்கலாம் அந்த நாற்காலிய.”

சிரிப்பு. பின்னால் இன்னும் நான்கைந்து பேர் சேர்ந்தார்கள். யாரோ போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். மகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையை எடுக்கச் சொன்னால் தூங்குவதுபோல ஆரம்பித்துவிட்டாரா? விடுவிடுவென்று போனாள். கடைசி பெஞ்சில் உறங்கும் பிள்ளையை எழுப்புகிற அதே குரலில், “அப்பா, எழுந்திருங்க” என்றாள்.

தோளைத் தொட்டாள். தலை கழுத்திலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நாற்காலியின் முதுகில் போய் நின்றது. கைகள் மட்டும், அவள் சொன்னபடி, கைப்பிடிகளின் மேலேயே இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்புகளுக்கு எதிராக நடந்தது. ஆம்புலன்ஸ் வாசலில் கார் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது என்றார்கள். விற்பனையாளர்தான் முதலில் அசைந்தார். சோபா ஏற்றுகிற தட்டு வண்டியை இழுத்து வந்து, கணவனும் அவருமாக அப்பாவை அதில் கிடத்தினார்கள். “வழி விடுங்க, வழி விடுங்க” என்று அவர் கத்திக்கொண்டே தள்ளினார். அம்பு வழியே வந்தவர்களுக்கு எங்கே ஒதுங்குவது என்று தெரியவில்லை. “இது ஒருவழிங்க” என்றுகூட ஒருவர் சொன்னார். பிறகு வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

சரக்கு லிஃப்டின் முன்னால் அம்மா வந்து சேர்ந்தாள். போனில் மருமகன் என்ன சொன்னானோ, மூச்சு இரைக்க வந்தவள் வண்டியைப் பார்த்தாள். பதறவில்லை. சுற்றி நின்ற மஞ்சள் பனியன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து, அப்பாவின் காதோடு வாயை வைத்து, மகளுக்கு மட்டும் கேட்கிறாற்போல் சொன்னாள்:

“எழுந்திருங்க. குறைச்சுட்டாங்களாம்.”

லிஃப்ட் வந்தது. உள்ளே இரண்டு அலமாரிகள் அட்டைப் பெட்டிகளில் நின்றுகொண்டிருந்தன. நடுவில் அப்பாவின் வண்டி. அம்மா அவருடைய கன்னத்தில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. இரண்டாவது மாடி, முதல் மாடி என்று எண்கள் மாறின.

கடையின் சாமான் வேனில்தான் கொண்டுபோனார்கள். உள்ளே புது மரத்தூள் வாசம். கணவன் அலுவலகத்தில் என்றோ ஒரு நாள் பயிற்சியில் பார்த்ததை வைத்து, எண்ணி எண்ணி அப்பாவின் நெஞ்சை அழுத்தினான். அவனுடைய இரண்டு கைகளும் அந்த இடத்தில் ஏறி இறங்குவதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெஞ்சப் புடிச்சாராடி?” என்று அம்மா கேட்டாள். “நீதானே பக்கத்துல இருந்த? நெஞ்சப் புடிச்சாரா?”

“இல்ல” என்றாள் மகள்.

அந்த வார்த்தை அவளைக் கேட்காமலே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு அவர்களோடு சேர்த்து ஆறு கட்டில் பார்க்க வேண்டியிருந்தது. கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், கருவியை வைத்துப் பார்த்தார், காகிதப் பட்டையில் நேர்கோடு வந்ததைக் காட்டினார். “வரும்போதே உயிர் இல்லம்மா” என்று சொல்லி அரை நிமிடம் தலை குனிந்து நின்றார். அதற்குமேல் நிற்க அவருக்கு நேரமில்லை. ஒரு படிவத்தை எடுத்தார்.

“இதய நோய், சர்க்கரை ஏதாவது? மருந்துச் சீட்டு இருக்கா?”

“ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டார். டாக்டர் பீஸுக்கும் பேரம் பேசுவேன்னு அவருக்கே பயம்” என்றான் கணவன். சொன்னபின், இதைப்போய்ச் சொன்னோமே என்று அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“வலிக்குதுன்னு சொன்னாரா? வேர்த்துதா? நெஞ்சப் புடிச்சாரா? யாராவது பாத்தீங்களா?”

“நல்லாத்தான் இருந்தார் டாக்டர். மேசைக்கு அடியிலெல்லாம் புகுந்து பாத்தார். உக்காந்தார், அவ்வளவுதான்.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “அப்ப நான் காரணம் எழுத முடியாது. பொது இடத்துல நடந்திருக்கு, முன்னாடி ஒரு நோயும் இல்ல, அறிகுறியும் இல்ல. போஸ்ட்மார்ட்டம் பண்ணித்தான் ஆகணும்.”

“அறுக்கறதா?” என்றாள் அம்மா.

“சட்டம் அப்படித்தாம்மா.”

“அவருக்கு ஊசின்னாலே ஆகாது.” அம்மாவின் குரல் முதல்முறையாகக் கிழிந்தது. “முடி வெட்டறவன் கழுத்துல கத்தி வச்சாக்கூட கண்ண மூடிக்குவார். அவரப் போய்…”

“யாராவது அறிகுறி பாத்திருந்தா, எழுதிக் கையெழுத்துப் போட்டா, நான் இதயம்னு எழுதிக் கொடுப்பேன். யோசிச்சு வைங்க. அஞ்சு நிமிஷத்துல வர்றேன்.” அடுத்த கட்டிலில் யாரோ அலறினார்கள். டாக்டரம்மா போனார்.

அம்மா மகளின் முழங்கையைப் பிடித்து, கை கழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிடி மகளுக்குத் தெரியும். எத்தனையோ கடை மூலைகளில் அந்தப் பிடிக்குப் பிறகுதான் அவள் அழத் தொடங்குவாள்.

“நீ சொல்லு” என்றாள் அம்மா.

“என்னம்மா சொல்ல?”

“நெஞ்சப் புடிச்சார்னு சொல்லு. மாப்பிள்ள சொன்னா எடுபடாது, அவர் ஏற்கனவே இல்லைன்னுட்டார். உனக்கு டீச்சர் முகம், நம்புவாங்க. எப்படிச் சொல்லணும்னு நான் உனக்குச் சொல்லித் தரணுமா?”

“அம்மா…”

“எட்டு வயசுல எப்படிச் செஞ்ச! அவரே அசந்து போவார். என் பொண்ணு அழுதா எனக்கே நெஞ்சு வலிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லுவார்.” அம்மா தன் உள்ளங்கையால் மகளுடைய கன்னத்தைத் துடைத்தாள், அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. “இந்த ஒரு தடவ. அவர அறுக்க விடாத.”

மகள் தொட்டியின் குழாயைப் பார்த்தாள். சொட்டிக்கொண்டிருந்தது. உண்மையைப் பொய்யாகச் சொன்னால் போதும். டாக்டருக்கு அது உண்மை, அம்மாவுக்கு அது நடிப்பு, அப்பா முழு உடம்போடு வீட்டுக்கு வருவார். அதைவிட மலிவாக இது முடியாது. நெஞ்சைப் பிடித்தார் என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

டாக்டரம்மா வந்தார். “சொல்லுங்க.”

“நான் பாத்தேன்” என்றாள் மகள். “நாற்காலில உக்காந்ததும் வலது கையால நெஞ்சப் புடிச்சார்.”

டாக்டரம்மா அவளையும் பார்த்தார், அவளுக்குப் பின்னால் நின்ற அம்மாவையும் பார்த்தார். களைத்த முகத்தில் கோபம்கூட இல்லை.

“இப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. வரும்போது கேட்டா யாரும் எதுவும் பாக்கல. அறுக்கணும்னு சொன்னதும், அஞ்சு நிமிஷத்துல யாரோ ஒருத்தர் நெஞ்சப் புடிச்சதப் பாத்துடறாங்க.”

“நிஜமாப் பாத்தேன்.”

“பாத்தா ஏன் தண்ணி குடுக்கல? ஏன் யாரையும் கூப்பிடல? அப்பா நெஞ்சப் புடிக்கிறார், மகள் பக்கத்துல நிக்கிறீங்க. என்ன பண்ணீங்க?”

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் கையைத் தட்டி அடக்கினாள். டாக்டரம்மா படிவத்தை மடிக்கத் தொடங்கினார்.

“கையை எடுக்கச் சொன்னேன்” என்றாள் மகள்.

மடித்த கை நின்றது.

“நடிக்கிறார்னு நெனச்சேன். விலை குறைக்கறதுக்கு அப்படி நடிக்கிறது அவருக்குப் பழக்கம். எங்களுக்கெல்லாம் பழக்கம். இன்னிக்கு அது கூடாதுன்னு காலையிலயே சொல்லி வச்சிருந்தேன். அவர் இல்லம்மான்னு என்னமோ சொல்ல வந்தார். நான் விடல. கையை எடுங்க, நேரா உக்காருங்கன்னேன். எடுத்துட்டார். சரியான்னு கேட்டார். நான் பதில் சொல்லல. கடைக்காரர் தண்ணி கொண்டு வரட்டுமான்னு கேட்டதுக்கும் வேண்டாம்னுட்டேன். வேன்ல ஏத்தும்போது அவர் போன் நம்பர் குடுத்தார், வேணும்னாத் தர்றேன், கேட்டுப் பாருங்க.”

அழுகை வரவில்லை. எந்தக் கண்ணிலும் வரவில்லை.

டாக்டரம்மா படிவத்தைப் பிரித்து மேசைமேல் வைத்து நீவினார். “மணி என்ன இருக்கும்?” என்றார். இப்போது குரல் வேறாக இருந்தது.

“பதினொன்னே முக்கால்.”

“வேர்த்திருந்துதா?”

“மூக்கு மேல வேர்த்திருந்துது. அதையும் பாத்தேன்.”

“எவ்வளவு நேரம் கழிச்சு மறுபடி போய்ப் பாத்தீங்க?”

“பதினஞ்சு நிமிஷம் இருக்கும்.”

அவர் எழுதினார். பின்னால் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்க்க மகளுக்குத் தைரியம் இல்லை. கணவன் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் நுனியை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான்.

“இங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க” என்றார் டாக்டரம்மா. “அறுக்க வேண்டியதில்ல.”

மகள் போட்டாள். பேனாவை நீட்டினாள். அம்மா வாங்கினாள், விரல்கள் படாமல் வாங்கினாள். அவர்கள் வீட்டில் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்காமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அம்மா வாசிக்கவில்லை. காட்டிய இடத்தில் போட்டாள், பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள், தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

வண்டி ஏற்பாடு செய்யக் கணவன் கிளம்பினான். போகும்போது மனைவியின் தோளைத் தொட நினைத்து, என்ன தோன்றியதோ, தொடாமல் போனான்.

தாழ்வாரத்தில் இரும்பு இருக்கைகள் மூன்று மூன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தன. ஒன்றின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அம்மாவின் கைப்பை. அதற்கு அடுத்ததில் யாரோ ஒரு முதியவர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். மகள் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். நடுவில் செவிலியர் போனார்கள், சக்கர நாற்காலி ஒன்று போயிற்று, தரை துடைக்கிறவர் ஈரத் துணியை இழுத்துக்கொண்டு வந்து, “அந்தப் பக்கம் நில்லுங்கம்மா” என்றார். அவள் அந்தப் பக்கம் போய் நின்றாள். தரை காய்ந்தது.

அம்மா எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவும் முறையை ஆறு படங்களாகப் போட்டிருந்த நோட்டீஸ். அதில் அவ்வளவு நேரம் பார்க்க ஒன்றும் இல்லை.

உள்ளே யாரோ அப்பாவின் பெயரைச் சொல்லி, “இவங்க ஆளுங்க இருக்காங்களா?” என்று கேட்டார்கள். யாரோ, “இருக்காங்க, இருக்காங்க” என்றார்கள்.

அம்மா கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணை நோட்டீஸிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்து இருக்கை காலியாயிற்று.